போகாத ஆபீஸ்

வாசல் மணி அடித்தபோது கோமதியின் இடுப்பில் பாப்பா இருந்தாள். கபிலன் கழிவறைக்குள்ளிருந்து "அம்மா, முடிஞ்சிருச்சு" என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். காதுக்குள் மேனேஜர் பிரசாத் அடுத்த மாத சாஃப்ட்வேர் ரிலீஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல முடியாது என்பதால் ஒருவருக்கும் சொல்லாமல் போய்க் கதவைத் திறந்தாள். வெளியே இரண்டு ஆட்கள் ஒரு சுழல் நாற்காலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லிஃப்ட் ஓடவில்லை போலிருக்கிறது, இருவருக்கும் மூச்சு வாங்கியது. குற்றாலநாதன் சார் வீடுதானே என்று கேட்டார்கள். ஆமாம், ஆனால் நாங்கள் நாற்காலி எதுவும் வாங்கவில்லையே என்றாள். வாங்கினது இல்லை, சாருடைய கம்பெனியில் கொடுத்து அனுப்பியது, சாருக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை, அதனால் விலாசத்தைப் பார்த்து நேரே வந்துவிட்டோம் என்றார் மூத்தவர். ஒரு காதில் பிரசாத்தையும் ஒரு காதில் அவரையும் கேட்டுக்கொண்டே, வீட்டுக்கு எதற்கு, அவர் தினமும் ஆபீஸ் போகிறாரே என்றாள். அந்த ஆள் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். சாதாரணமாகத்தான் சொன்னார். "ஆபீஸையே காலி பண்ணிட்டாங்களே மேடம். பொங்கலுக்கு முன்னாடியே பில்டிங்கைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. சாமானெல்லாம் குடோன்ல கிடந்துது, இப்பதான் ஒவ்வொருத்தர் வீடா போட்டுட்டு வர்றோம்."

கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாளா இல்லையா என்பது கதவைச் சாத்திய மறுகணமே நினைவில் இல்லை. கபிலன் இன்னொரு தரம் கூப்பிட்டான். போய்க் கழுவி விட்டாள், ஒரு கையால்தான், மறுகையில் பாப்பா அவள் காதிலிருந்த ஒயரைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள், பிரசாத்தின் குரல் பாப்பாவின் எச்சிலுக்குள் போய்ப் போய் வந்தது. பொங்கலுக்கு முன்னாடியே. ஒருவேளை அது வேறு கட்டடமாக இருக்கலாம். பெரிய கம்பெனிகளுக்கு நாலைந்து இடத்தில் ஆபீஸ் இருக்கும், ஒன்றை மூடியிருப்பார்கள், இவரை இன்னொன்றுக்கு மாற்றியிருப்பார்கள், சொல்ல மறந்திருப்பார். சொல்ல மறக்கிற விஷயமா அது. ஆனால் மனிதர்கள் மறக்கத்தான் செய்கிறார்கள், அவளே நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து, கரிக்கட்டை மாதிரிக் கருகின பாத்திரத்தை இன்னும் தேய்க்காமல் ஊறப் போட்டிருக்கிறாள். பொங்கலுக்கு முன்னாடியே என்றால் மார்கழி. மார்கழியில் இதே வீட்டில், அந்த ஜன்னலோரம், அவர் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலை முழுக்க அவள் வேலை பார்ப்பாள், அவர் பிள்ளைகளைப் பார்ப்பார். மத்தியானத்துக்கு மேல் அவர் வேலை பார்ப்பார், அவள் பிள்ளைகளைப் பார்ப்பாள். கீழ் பிளாக்கில் இருந்த குழந்தைகள் காப்பகம் மூடிய அன்று இரண்டு பேரும் சேர்ந்து போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. வைத்த ஆயாம்மா ஒரு வாரத்துக்கு மேல் தங்கவில்லை. இரண்டு பேரும் வீட்டில் இருந்துதானே வேலை செய்கிறோம், நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது அவர்தான். சொன்னபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சொன்னாள். நன்றாகத்தான் போனது, நன்றாகப் போனதென்று அவள் நினைத்தாள், அவர் என்ன நினைத்தார் என்று கேட்கவில்லை, அவர் ஒரு நாள் பாப்பா அழ அழ மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள், அப்போதும் கேட்கவில்லை. பொங்கல் கழிந்த அந்த வாரத்தில் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையில் கையை வைத்தார். "ஆபீஸ்ல எல்லாரும் கட்டாயம் வரணும்னு சொல்லிட்டாங்க கோமு. உன்னை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு." அவள்தான் அவரைத் தேற்றினாள். கட்டாயம்னா போய்த்தானே ஆகணும், நான் பார்த்துக்கிடுதேன், நீங்க கவலைப்படாதீங்க என்று அவள்தான் சொன்னாள்.

மேசைக்குத் திரும்பி வந்தபோது திரையில் அஃப்ரீன் பேசிக்கொண்டிருந்தாள். தெளிவாக, அவசரமில்லாமல், நடுவில் ஒரு சிரிப்போடு பேசினாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு பூந்தொட்டி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெஸ்டிங் என்றால் என்னவென்று கோமதிதான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். இப்போது அஃப்ரீன் டீம் லீடர், கோமதி அவளுக்குக் கீழே. அதில் அஃப்ரீன் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரசாத் முதலில் கோமதியைத்தான் கேட்டார், தை மாசக் கடைசியில், போனில் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள்தான் எடுக்க வேண்டும், உங்களைவிட யாருக்கும் இது தெரியாது என்றார். அவள்தான், என் வீட்டுக்காரரை ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள், வீட்டில் வேறு ஆள் இல்லை, இந்த வருஷம் முடியாது என்று சொல்லிவிட்டாள். அன்று ராத்திரி குற்றாலநாதனிடம் அதைச் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. அடுத்த வருஷம் வரும் கோமு, உனக்குத் திறமை இருக்கு, எங்க போகப் போகுது என்றார். கையை நிறுத்தினாரா? நிறுத்தியிருக்க வேண்டும், ஒரு வாயாவது இறங்காமல் நின்றிருக்க வேண்டும், அவள் கவனிக்காமல் விட்டிருப்பாள். இல்லை. அவள் கவனித்தாள். அப்பளத்தை உடைத்தார், சாதத்தில் போட்டுப் பிசைந்தார். இப்போது அந்த அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அப்போது கேட்காத சத்தம் இப்போது எப்படிக் கேட்கிறது. கபிலன் பக்கத்தில் வந்து நின்றான், மடிக்கணினித் திரை ஒளிர்வதைப் பார்த்தான், உடனே விரலை உதட்டில் வைத்துக்கொண்டான். யாரும் சொல்ல வேண்டியதில்லை அவனுக்கு. திரையில் முகங்கள் தெரிந்தால் விரல் தானாகப் போய்விடும். வலது கையில் பொம்மை இருந்தால் இடது கை விரல். நாலு வயதுக்கு இவ்வளவு சமத்தா என்று தொலைபேசியில் பேசுகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். பள்ளிக்கூடம் லீவு விடுவதற்கு முன் அவன் மிஸ் இவளைத் தனியாகக் கூப்பிட்டு, பையன் வகுப்பில் ரகசியம் பேசுகிற மாதிரிதான் பேசுகிறான், பாட்டு சொல்லச் சொன்னால் உதடு மட்டும் அசைகிறது, காதைக் காட்டினீர்களா, தொண்டையைக் காட்டினீர்களா என்று கேட்டாள். கோமதி டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சரியாக இருக்கிறது என்று குற்றாலநாதனிடம் சொன்னபோது அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். பிள்ளை சத்தம் போடப் பயப்படுகிறான் என்று அவளுக்குத் தெரியும். யாருக்காக அந்தச் சத்தத்தை அடக்கினாள். தனக்காகவும்தான், அதை ஒளிக்க முடியாது. ஆனால் இரண்டு பேர் இருந்திருந்தால் ஒருவர் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், அவன் கத்தியிருக்கலாம், கீழே சறுக்கு மரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கலாம்.

தினமும் காலையில் கபிலன்தான் அவருக்கு அடையாள அட்டையை மாட்டிவிடுவான். அவர் குனிவார், அவன் மாலை போடுகிற மாதிரி அந்த நீல நாடாவைத் தலை வழியாகப் போட்டுவிட்டு ஒரு சலாம் வைப்பான். ஆபீஸ் இல்லாத ஆபீசின் அட்டை. மேடவாக்கத்திலிருந்து கிளம்பி, பெரும்பாக்கம் வழியாக, சோழிங்கநல்லூர் சிக்னல். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று டிராஃபிக்கைத் திட்டுவார். ஒரு நாள் தண்ணி லாரி கவிழ்ந்துவிட்டதென்றார். ரோடு முழுக்கத் தண்ணீர், டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார், பாவம், ரத்தம் துண்டில் ஊறி வந்தது, நான் வண்டியை நிறுத்திப் பார்த்தேன் என்றார். கபிலன் அந்த லாரியை வரையச் சொல்லி அடம் பிடித்தான், அவர் வரைந்து கொடுத்தார், தண்ணீர் ஓடுவதற்கு நீலக் கிரேயான் கேட்டு வாங்கினார். கோமதி அந்த டிரைவரை நினைத்துச் சாமி விளக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். அந்த லாரி கவிழவே இல்லையா. அந்த ஆள் இல்லவே இல்லையா. துண்டில் ஊறின ரத்தத்தை எங்கிருந்து எடுத்தார். பொய் சொல்கிறவன் 'டிராஃபிக்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாமே, எதற்கு ஒரு ஆளை உண்டாக்கி, அவன் தலையை உடைத்து, துண்டையும் கட்டிவிட்டார். லாரி கவிழ்ந்த அன்று களைத்துப் போய் வந்திருக்கிறார் என்று பிள்ளைகளை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, அவரைக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே தனியாகப் படுக்கவிட்டாள். அன்று மட்டுமா, எல்லா நாளும். வந்ததும் அரை மணி நேரம் அவரிடம் யாரும் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவள் போட்ட சட்டம்.

வேறு யாரோ ஒருத்தி இருக்கலாம் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது, வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டாள், அதில் ஒரு சௌகரியம்கூட இருந்தது. ஒருத்தி இருந்தால் சண்டை போடலாம், அழலாம், ஊரில் நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கலாம், நியாயத்துக்கு ஒரு முகம் இருக்கும். பாப்பாவைத் தரையில் உட்கார வைத்து வாழைப்பழத்தை நசுக்கிக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, அழுக்குக் கூடையிலிருந்து அவருடைய சட்டைகளை எடுத்தாள். காதில் அஃப்ரீன் பேசிக்கொண்டே இருந்தாள். சட்டையை மூக்கில் வைத்தாள். சென்ட் இல்லை. வியர்வைகூட இல்லை, இந்தச் சித்திரை வெயிலில் பைக்கில் போய் வருகிற ஆளின் சட்டையில் வியர்வை இல்லை, அதை அவள் தினமும் துவைத்தும் பார்க்கவில்லை. இரண்டாவது சட்டையின் கைமடிப்பில் இஞ்சி. இஞ்சித் துவையல். அதற்கு அடியில் அடர்த்தியாக ஒரு மணம், தேங்காய்ப்பால், எலுமிச்சை, முருங்கைக்காய். சொதி. திருநெல்வேலிக்காரி மூக்குக்கு அதை வேறொன்றாகச் சொல்லத் தெரியாது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போடுகிற சொதி, பொழுதும் பொறுமையும் இருக்கிற வீட்டில் மட்டும் வைக்கிற சொதி. மூன்று தரம் பால் பிழிய வேண்டும், முதல் பால் ஊற்றினதும் கொதிக்க விடாமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பாப்பா பிறந்த பிறகு இந்த வீட்டில் அது வைக்கவே இல்லை. மாசி மாசத்தில் ஒரு நாள் அவர் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார், கேன்டீனில் ஏதோ சாப்பிட்டது வயிறு நிறைந்திருக்கிறது என்றார், அவர் பக்கத்தில் படுத்தபோது இதே மணம் வந்தது, எனக்கும் சொதி சாப்பிடணும் போல இருக்கு என்று இவள் இருட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் தூங்கிவிட்ட மாதிரி இருந்தார். சென்னையில் எந்தக் கேன்டீனில் சொதி போடுகிறான். இந்த ஊரில் சொதி வைக்க அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான் இருக்கிறாள். சட்டையைக் கையில் பிடித்தபடி துவைக்கிற மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம், அப்படி இருக்க வேண்டாம், அந்த முகமில்லாத ஒருத்தியே இருக்கட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மடிப்பாக்கம். ஆபீசுக்கு நேர் எதிர்த் திசை. மாடியில் பகவதி அக்கா மகளின் அறை, அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து சும்மா கிடக்கிறது, ஏ.சி. போட்டது, ஜன்னலுக்கு வெளியே மாமரம்.

பகவதி கூடப் பிறந்த அக்கா, அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு இவள் தலையில் பேன் பார்த்ததும், வயசுக்கு வந்தபோது கூட இருந்ததும், கல்லூரிக்கு அப்பாவிடம் மல்லுக்கட்டி அனுப்பியதும் அவள்தான். காப்பகம் மூடிய சமயத்தில் கோமதி முதலில் போய் நின்ற இடமும் அதுதான். காலையில் நாலு மணி நேரம் மட்டும், பாப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று கேட்டாள். முதுகு வலி ஏட்டி, குனிஞ்சு நிமிர முடியலை, டாக்டர் தூக்கவே கூடாதுன்னுட்டாரு, அத்தானுக்கும் பிள்ளைங்க சத்தம் ஆகாது என்று அக்கா கண் கலங்கிச் சொன்னாள். கோமதி அடுத்த தரம் போனபோது அக்காவுக்கு ஒரு வெந்நீர்ப் பை வாங்கிக்கொண்டு போனாள். இப்போது போனை எடுத்தாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை, அதனால் தெரிந்தவள் மாதிரியே கேட்டாள், அவர் சாப்பிட்டாச்சா என்று. அந்தப் பக்கம் ஒரு கரண்டியை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, யார் சொன்னா உனக்கு என்றாள். அதற்குப் பிறகு அக்கா நிறையப் பேசினாள். அவர் ஒரு நாள் வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார் என்றாள். வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை, இரண்டு தரம் மேலதிகாரி கண்டித்துவிட்டார், வேலை போனால் என்ன செய்வேன் என்றார். ஒரு மாசத்துக்கு என்றுதான் முதலில் சொன்னார், அப்படியே போய்விட்டது. உன்னிடம் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். தப்பாக ஒன்றும் இல்லை, அத்தான் வீட்டிலேயேதான் இருக்கிறார், நீ கண்டதையும் நினைக்காதே. என் வேலை போனால் என்று கோமதிக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. "ஆம்பளைக்கு ஒரு அமைதி வேண்டாமா ஏட்டி" என்றாள் அக்கா. பிறகு, சமாதானமாகச் சொல்கிற குரலில், "நீ எப்படின்னாலும் சமாளிச்சுருவன்னு எனக்குத் தெரியும்லா" என்றாள்.

சமாளிச்சுருவ. அக்கா அவளுக்குக் கொடுத்த பெரிய சர்டிபிகேட் அது, சின்ன வயதிலிருந்தே கொடுத்து வருகிறாள். சமாளிக்கிறவள் என்று தெரிந்துவிட்டால் அவளை யாரும் ஏமாற்றலாம், அவளுக்கு ஒன்றும் ஆகாது. வெந்நீர்ப் பை எங்கே இருக்கும் இப்போது, அலமாரியில் மடித்து வைத்திருப்பாளா, இல்லை அவர் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலிக்கிறதென்று அவருக்குக் கொடுத்திருப்பாளா. பாப்பா வாழைப்பழத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கபிலன் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான், வாயை மட்டும் பெரிதாகத் திறந்து, சிரிக்கிற மாதிரி. அதைப் பார்த்துத்தான் அவள் எழுந்தாள். பையில் பாப்பாவின் துணி, டயப்பர், குழைத்த பருப்புச் சாதம் ஒரு டப்பாவில், கபிலனின் மாற்று நிக்கர், தண்ணீர் பாட்டில், அது இல்லாமல் பாப்பா தூங்காத துணிப் பூனை என்று ஒவ்வொன்றாகப் போனது. மடிக்கணினியை அணைக்காமல் அப்படியே மூடித் தோள்பையில் நுழைத்தாள், கூட்டம் போனுக்கு மாறிக் காதில் தொடர்ந்து கேட்டது. கீழே போய் ஆட்டோ பிடித்தாள். அப்பா ஆபீசுக்கா போறோம் என்று கபிலன் அவள் காதில் கேட்டான். ஆமாம் என்றாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து தலையைக் கையால் படிய வாரிக்கொண்டான்.

பள்ளிக்கரணை தாண்டியதும் வெயில் ஆட்டோவுக்குள் நேராக விழுந்தது. சீட்டின் ரெக்ஸின் உறை தொடையில் சுட்டது. பாப்பா துப்பட்டாவுக்குள் மூக்கை வைத்துத் தேடினாள், இப்போது வேண்டாம்டி, இரு என்று விலக்கினாள். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாராம். அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், அது திரும்பத் திரும்ப வந்தது. இவளிடம் அழுதிருக்கலாமே. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அன்று, முடியலை கோமு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவளும் சொல்லியிருப்பாள், எனக்கும் முடியலை என்று. இரண்டு பேரும் சேர்ந்து முடியாமல் போயிருக்கலாம். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்த அன்று, இவள் ஒரு கையில் ஈரத்துணியும் ஒரு கையில் கீபோர்டுமாக, அவருக்குப் போன் போட்டாள். மீட்டிங்கில் இருக்கிறேன், சோழிங்கநல்லூரிலிருந்து வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், நீ ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்விடு என்றார். மடிப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் பைக்கில் கால் மணி நேரம். அக்காவும் அந்த வீட்டில்தான் இருந்திருப்பாள். அன்று சாயங்காலம் அக்கா போன் செய்து, பிள்ளைக்கு எப்படி இருக்கு என்று கேட்டாள். எப்படித் தெரியும் என்று இவள் கேட்கவில்லை, அக்காக்களுக்குத் தெரியும் என்று நினைத்தாள். காதில் பிரசாத் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கோமதி, நீங்க இருக்கீங்களா, டெஸ்டிங்குக்கு நீங்க போட்ட நாள் கணக்கு சரியா வருமான்னு சொல்லுங்க. மூன்று மாதமாக அந்த மைக்கைத் திறப்பதற்கு முன் அவள் கதவு, ஜன்னல், குக்கர், பிள்ளைகளின் வாய் எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் திறப்பாள். இப்போது லாரி ஹாரனும் பாப்பாவின் சிணுங்கலும் கூடவே போக அப்படியே திறந்தாள். வெளியில் இருக்கிறேன் பிரசாத், பிள்ளைகளோடு இருக்கிறேன், அரை மணி நேரத்தில் சொல்கிறேன் என்றாள். சில முகங்கள் சிரித்திருக்கும். அவளுக்கு வெட்கமாக இல்லை, அது ஏன் என்று யோசிக்க நேரமும் இல்லை, ஆட்டோ தெரு முனையில் திரும்பியிருந்தது.

நிறுத்தி வையுங்கள் அண்ணா, வந்துவிடுகிறேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு இறங்கினாள். மாமரத்து நிழலில் அவருடைய பைக் நின்றது, சீட்டின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள், அதை மூடினது அக்கா கை என்று மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்தது. அக்கா வாசலில் நின்றாள். கையைப் பிடிக்க வந்தாள், கோமதி பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒதுங்கி நடந்தாள். அத்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று பாதி எழுந்து நின்றார். மாடிப்படி ஏறும்போது சமையலறையிலிருந்து தாளிப்பு மணம் வந்தது, பசித்தது, இந்த நேரத்தில் பசிக்கிறதே என்று அவளுக்கே அவமானமாக இருந்தது. அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டாமல் திறந்தாள். முதலில் குளிர் வந்தது. அப்புறம் நிசப்தம், அவள் மறந்தே போன ஒன்று, ஏ.சி.யின் மெல்லிய இரைச்சல் தவிர அந்த அறையில் ஒன்றுமே இல்லை. மேசை மேல் ஒரு டம்ளர் மோர், அதை மூடி ஒரு தட்டு. குற்றாலநாதன் காதில் ஹெட்செட்டோடு, காலை முக்காலி மேல் நீட்டி, யாரோ சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நீல நாடா ஜன்னல் கொக்கியில் தொங்கியது. அவர் முகம் அப்படி ஓய்வாக, தெளிந்து இருந்ததை அவள் கல்யாணமான புதிதில் பார்த்ததுதான். திரும்பினார். அவளைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். அவள் அந்த ஒரு கணம் காத்திருந்தாள். முகம் வெளுக்கும், எழுந்து வருவார், கோமு என்பார், எதையாவது சொல்வார் என்று, எல்லாம் தெரிந்த பிறகும், காத்திருந்தாள். அவர் கை மேலே எழுந்தது. விரல் உதட்டுக்குப் போனது. உஷ்.

கபிலனும் உடனே விரலை உதட்டில் வைத்தான். அப்பாவைப் பார்த்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், கதவோரம் சுவரோடு ஒட்டி நின்றான்.

கோமதி போய் அவர் மடியில் பாப்பாவை உட்கார வைத்தாள். கேமரா விளக்கு எரிந்துகொண்டிருந்தது, திரையில் இருந்தவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. பையை மேசை மேல் வைத்தாள், மோர் டம்ளர் நகர்ந்தது. பாப்பாவுக்கு ரெண்டு மணிக்கு பருப்புச் சாதம், டப்பாவில் இருக்கிறது, தூங்குவதற்குப் பூனை வேண்டும் என்று, ஒரு வேலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கிற குரலில் சொன்னாள். அவர் மைக்கைத் தேடிக்கொண்டிருந்தார், பாப்பா ஹெட்செட்டைப் பிடித்து இழுத்துவிட்டாள், அது கழுத்தில் வந்து விழுந்தது. சாயங்காலம் பேசலாம் கோமு, நான் சொல்கிறேன், நான் சொல்லத்தான் இருந்தேன் என்று மெதுவாக, இன்னும் மெதுவாகத்தான், சொன்னார். அவள் கபிலன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அவன் விரலைப் பிடித்து உதட்டிலிருந்து எடுத்துவிட்டாள். அது எளிதில் வரவில்லை, கொஞ்சம் பலமாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"சத்தமா பேசு, ராசா. இது ஆபீஸ் இல்ல."

அவன் அப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எதை நம்புவது என்று அந்தக் கண்ணில் ஓடியதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் எழுந்து வெளியே வந்தாள். படியில் அக்கா நின்றாள், நானும் கூட இருந்து பார்த்துக்கிடுதேன் ஏட்டி, நீ ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ, சொதி வச்சிருக்கேன் என்றாள். அக்காவின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அன்பில்லாமல் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அக்கா அவரையும் அன்பினால்தான் ஒளித்து வைத்தாள். கோமதி அவளைத் தாண்டி இறங்கினாள். இந்த வீட்டில் இனி எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்றும், தன்னால் இனி எதையும் கேட்க முடியாது என்றும் ஒரே சமயத்தில் தெரிந்தது. ஆட்டோவில் ஏறி மடிக்கணினியை மடியில் திறந்தாள். எங்கே போவதென்று இன்னும் டிரைவரிடம் சொல்லவில்லை. பிரசாத்துக்கு எழுதினாள், நான் போட்ட கணக்கு சரிதான், அடுத்த ரிலீசுக்கு லீடராக யாரையாவது முடிவு செய்துவிட்டீர்களா என்று. அனுப்புவதற்கு முன் மாடியிலிருந்து பாப்பா அழ ஆரம்பித்தாள். அது பசி அழுகை இல்லை, தேடுகிற அழுகை. முதலில் ஒரு கேவல், பிறகு இழுத்து மூச்சு வாங்கி வீறிடல். அதற்குள் அவள் மார்பு இறுகியது, ஊசி குத்துகிற மாதிரி குத்தி, பால் இறங்கியது. மனசு சரி என்று சொல்வதற்குள் உடம்பு பாப்பா பக்கம் போய்விட்டது. சட்டை இரண்டு பக்கமும் நனைந்து வட்டமாகப் பரவியது. மாடி ஜன்னல் ஒன்று அவசரமாகத் திறந்தது, அவர் முகம் தெரிந்தது, தோளில் பாப்பா, தெருவைத் தேடினார். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார். எங்கம்மா, இறங்குறீங்களா, போலாமா என்று கேட்டார். கோமதி துப்பட்டாவை இழுத்து மார்பை மூடினாள். மறுகையால் அனுப்பு என்பதை அழுத்தினாள்.

"போலாம்ணா" என்றாள்.